நாலு புள்ளி ரெண்டு

சங்கரன்கோவில்
12.8.2024

யாருட்டி சொன்னா, நான் வாயாலயே யாவாரத்தக் கெடுத்தவன்னு? எந்த மூதி சொன்னான்? "இவர் வாடிக்கையாளரைக் கேலி செய்யாமல் அனுப்புவதில்லை"ன்னு எழுதியிருக்கியே, அது ஒரு குத்தமா? நான் கேலி பண்ணாம அனுப்புனா, அண்ணாச்சிக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு அவன் டாக்டரக் கூட்டிட்டு வந்துருவான். இதெல்லாம் ஒனக்கு எங்க தெரியப்போவுது. நீ காலேஜ் வாத்தியார்லா.

அஸ்ஸலாமு அலைக்கும். கோவத்துல சலாம் சொல்ல மறந்துட்டேன். ஒன் மாமன் மைதீன் பாட்சாதான் எழுதுதேன். நீயும் மாப்பிள்ளையும் புள்ளையளும் சொகந்தான? நானும் ஒன் மாமி மைமூனும் இங்கன நல்லாருக்கோம். போன்ல ஏசலாம்னா, அதுல பேசுதது எனக்குக் காதுக்குள்ள வண்டு கத்துத மாதிரித்தான் இருக்கு. நான் ஏசுனா நீ திருப்பி ஏசுதது கேக்கணும்லா? அதான் கடுதாசி.

விசயத்துக்கு வாரேன். நேத்து கடைக்கு ஒரு புள்ள வந்துச்சு. பேரு ஷமீரா. நம்ம ஊர் காலேஜ்ல பி.காம் படிக்கா. கையில ஜெராக்ஸ் எடுத்து பைண்டிங் போட்ட பொஸ்தகம். "தாத்தா, நீங்கதான ம.பா.?"ன்னு கேட்டா. "ஆமா, நீ யாரு, தாசில்தாரா?"ன்னேன். "இந்தப் பொஸ்தகத்துல நீங்க இருக்கீங்க"ன்னு விரிச்சுக் காட்டுனா. அட்டையில ஒம் பேரு. சந்தையியல், முனைவர் பஸீலா. எனக்கு நெஞ்சு குளுந்துட்டு. பக்கத்தப் பொரட்டுனா, நாலு புள்ளி ரெண்டு, ஆய்வுக்கதைன்னு போட்டு என் மானத்த வாங்கி வச்சிருக்க.

அவளையே வாசிக்கச் சொன்னேன். "தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் ம.பா. என்பவர் பாத்திரக்கடை நடத்துகிறார். சின்னப் பானை கேட்டு வருபவரிடம், குருவிக்கா சோறு பொங்கப் போறீரு என்று கேட்பார்." சிற்றூராம்ட்டி! ஆடித்தபசுக்கு இங்கன வந்து நின்னு பாரு, சிற்றூரா என்னன்னு. கடேசில ஒரு கேள்வி வேற. "இவருக்கு நீங்கள் கூறும் அறிவுரை என்ன?" அந்தப் புள்ள நோட்டும் பேனாவுமா எனக்கு அறிவுரை சொல்ல வந்து நிக்கா.

அத எடுத்துரு. அந்தப் பொஸ்தகத்த நீ கம்ப்யூட்டர்ல சும்மா குடுக்கியாம்லா, யாரு வேணா எடுத்துக்கிடலாமாம்லா. சும்மா குடுக்கதுல மாமனையும் சேத்துக் குடுப்பியா?

மாமி துஆ சொல்லச் சொன்னா. நான் சொல்லல.

இப்படிக்கு,
ஏச்சு மிச்சம் வச்சிருக்க மாமன்


திருச்சி
21.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் ஏச்சு நனையாமல் நசுங்காமல் வந்து சேர்ந்தது. வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் இன்னொரு முறை கேட்டார்கள்.

நான் ஏன் எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். தமிழில் பி.காம் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் நல்ல புத்தகம் இல்லை. இருப்பதிலும் எடுத்துக்காட்டு எல்லாம் அமெரிக்காவில் ரொட்டி விற்கிற கம்பெனி. அந்தக் கடை வாசலைக்கூட நம் பிள்ளைகள் பார்த்ததில்லை. அதனால் லீவு நாட்களில் உட்கார்ந்து நானே ஒன்றை எழுதி இணையத்தில் போட்டேன். எந்தக் கல்லூரியில் இருக்கிறவரும் அதை எடுக்கலாம், படியெடுக்கலாம், தன் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம். எழுதியவள் பேரைச் சொன்னால் போதும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வாடிக்கையாளர் பாடத்துக்கு எடுத்துக்காட்டு தேடியபோது எனக்குத் தெரிந்தது உங்கள் கடைதான். சின்ன வயதில் பரீட்சை லீவெல்லாம் அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து நீங்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். உங்களைத் திட்டிக்கொண்டே படியிறங்கியவர்கள் அடுத்த கல்யாணத்துக்கும் உங்களிடமே வந்தார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரியாததைத்தான் கேள்வியாக வைத்தேன்.

மானத்தை வாங்கியது யார் என்பதையும் பேசிவிடுவோம். கல்யாணக் குடத்தில் எல்லோரும் கொடுத்தவர் பேரை வெட்டுவார்கள். என் குடத்தில் நீங்கள் என்ன வெட்டினீர்கள்? "பஸீலாவுக்கு வெந்நீர் போடத் தெரியும்." என் மாமியார் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அந்தக் குடத்தைத்தான் காட்டுகிறார்கள். நீங்கள் வெட்டியதை என்னால் அழிக்க முடியாது. நான் போட்டதை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். யார் பாவம், நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் எழுத்து கோட்டைத் தாண்டி மேலே ஏறிப் போகிறது. ஷமீராவை வாசிக்கச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கண்ணைக் காட்டினீர்களா?

மாமிக்கு என் ஸலாம். மிச்ச ஏச்சையும் அனுப்பி வையுங்கள்.

உங்கள் பஸீலா


சங்கரன்கோவில்
4.9.2024

ஏட்டி பஸீலா,

சலாம் மொதல்லயே சொல்லிருதேன், பொறவு மறந்துரும். நாங்க சொகம். ஒன் புள்ளையளு என் கடுதாசிய வாசிச்சுச் சிரிச்சுதுகளாக்கும்? நல்ல வளப்பு.

ஒன்னால இங்கன கடைக்குள்ள நிக்க எடமில்ல. ஷமீரா போயிச் சொல்லி, சாய்ங்காலம் காலேஜ் விட்டா கூட்டங்கூட்டமா வாராளுவ. "தாத்தா, எதாவது சொல்லுங்க"ங்காளுவ. நான் என்ன, சாவி குடுத்த பொம்மையா? ஒருத்தி அடுக்கு டிபன் கேரியர் காட்டச் சொன்னா. "ஏட்டி, படிக்கப் போறியா, பந்தி வைக்கப் போறியா?"ன்னேன். ஒடனே எல்லாரும் நோட்டுல எழுதுதாளுவ! ஓமக்குச்சி மாதிரி ஒரு பய தண்ணி பாட்டில் கேட்டான். "இத நீ தூக்கிட்டுப் போவியா, அது ஒன்னத் தூக்கிட்டுப் போவுமா?"ன்னேன். அவன் எழுதவே இல்ல, சிரிச்சிக்கிட்டே இருந்தான்.

எழுதுன அறிவுரைய எனக்கே வாசிச்சுக் காட்டுதுங்க. "ம.பா. அவர்கள் புன்னகையுடன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்." வாய மூடிட்டு எப்படிட்டி புன்னகைக்கது? கண்ணாடி முன்னால நின்னு பழகிப் பாத்தேன். மாமி பாத்துட்டு, பல்லு வலியான்னு கேக்கா. இன்னொருத்தன் கடைக்கு ஏசி போடணுங்கான். அண்டாவுக்கு வேர்க்குதா?

இது போதாதுன்னு பக்கத்துப் பூக்கடை காளிராஜ் இருக்காம்லா, அண்ணாச்சி அண்ணாச்சின்னு மரியாதையாக் கூப்புடுவான். இப்போ "என்ன நாலு புள்ளி ரெண்டு, டீ சொல்லவா?"ங்கான். ஊரு பூரா அதே பேராயிட்டு. பள்ளிவாசல்ல அசரத்தே வாய்க்குள்ள சிரிக்காரு.

எடுத்துரு. ரெண்டாந்தடவ சொல்லுதேன். எடுக்கலன்னா திருச்சிக்கு வந்து ஒன் காலேஜ் வாசல்ல நின்னு குடத்துக் கதைய எல்லாருக்கும் சொல்லுவேன்.

கண்ணு நல்லாத்தான் இருக்கு. தாளுதான் கோணல். இப்போ பேரு வெட்டுததையும் நிப்பாட்டி வச்சிருக்கேன். மெஷின் ரிப்பேரு.

நாலு புள்ளி ரெண்டு
(பாத்தியா, கையெழுத்தே மாறிப்போச்சு)


திருச்சி
18.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஸலாம். நலம். நீங்களும் மாமியும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன்.

உங்கள் கதையை எடுத்துவிட்டேன்.

எங்கள் கல்லூரியில் இந்தப் புத்தகத்தையே பாடமாக வைக்கலாமா என்று பார்க்க ஒரு குழு உட்கார்ந்தது. "கேலி செய்யும் கடைக்காரர் பாடப்புத்தகத்துக்கு ஏற்றவரல்லர்" என்று அதில் ஒரு பெரியவர் குறிப்பு எழுதினார். சண்டை போடத்தான் நினைத்தேன். அன்றைக்கே உங்கள் கடிதமும் வந்தது. நீங்களே இரண்டு தடவை சொன்ன பிறகு நான் யாருக்காகச் சண்டை போடுவது?

4.2 இப்போது ஒரு சோப்புக் கம்பெனி. இனி யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

மாமிக்கு ஸலாம்.

பஸீலா


சங்கரன்கோவில்
2.12.2024

அன்புள்ள பஸீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்க சொகம். ஒங்க எல்லார் சொகத்துக்கும் எழுதவும். பதில் எழுத நாளாயிட்டு. வேல ஒண்ணும் இல்ல, சும்மாதான் இருந்தேன்.

இங்கன நல்ல மழ. கடைக்கு யாரும் வாரதில்ல, நிம்மதியா இருக்கு. ஆளு வந்தா எந்திரிக்கணும், ஏணியில ஏறணும், எறக்கிக் காட்டணும். இப்போ உக்காந்த எடந்தான். காளிராஜ் மறுபடியும் அண்ணாச்சின்னு கூப்புடுதான். மரியாதையா இருக்கு.

ஷமீரா ஒருநாள் மழைக்கு ஒதுங்குனா. பரிச்ச முடிஞ்சிட்டாம். சோப்புக் கம்பெனிக்கு என்னட்டி அறிவுரை எழுதுனன்னு கேட்டேன். கைடுல இருக்கத எழுதுனேன் தாத்தான்னா. சோப்புக்காரனப் பாக்க யாரும் போனாகளான்னு கேட்டேன். அவன் எங்க இருக்கான்னு யாருக்கும் தெரியாதாம்.

ஷார்ஜாவுலருந்து ஆஷிக் பொங்கல் சமயத்துல லீவுல வாரான். கடையப் பத்திப் பேசணுமாம்.

மாமி துஆ. நானும் துஆ.

மைதீன் பாட்சா


திருச்சி
14.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஸலாம். நாங்கள் நலம். நீங்கள் நலமில்லை என்று நினைக்கிறேன்.

கடிதத்தில் ஒரு ஏச்சும் இல்லை. நீங்கள் எனக்கு துஆ வேறு சொல்லியிருக்கிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுத்தும் கோட்டை விட்டு ரொம்பத் தூரம் போய்விட்டது. உங்கள் மகன் ஆஷிக்கிடம் கேட்கட்டுமா, அல்லது நீங்களே சொல்கிறீர்களா?

ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்லவில்லை. இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன் என்றால் கிழித்துப் போட்டேன் என்று அர்த்தமில்லை. பழைய 4.2 உள்ளே அப்படியே இருக்கிறது. திருப்பி வைக்க ஒரு நிமிடம் போதும். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொல்லுங்கள் மாமா.

பஸீலா


சங்கரன்கோவில்
27.12.2024

ஏட்டி,

சலாம். சொகம். நான் ஏன்ட்டி சொல்லணும்? எடுத்தவ நீ. வைக்கதும் வைக்காததும் ஒன் பாடு, ஒன் கம்ப்யூட்டர் பாடு.

ஆனா ஒண்ணு. அந்தச் சோப்புக் கதைய ஷமீரா எனக்கு வாசிச்சுக் காட்டுனா. "விற்பனைக்குப் பிந்தைய சேவை"ன்னு என்னமோ வருது. அந்த ஆளு யாரையும் ஒரு சொல்லு சொல்லல. அவன் கடையில எவனுக்கும் கோவமும் வராது, சிரிப்பும் வராது. அதுக்குப் பேரு கடையா? அதுக்கு ஒரு பெட்டிய வச்சு, காசு போட ஓட்ட போட்டுட்டுப் போயிரலாமே.

நான் பொதுவாச் சொல்லுதேன். ஒரு பேச்சுக்கு, எவளாவது பழைய கதையத் திருப்பி வச்சான்னா, சிற்றூருங்கத அடிச்சிட்டு ஊர் பேரப் போடணும். ம.பா.ன்னு தபால்பெட்டி நம்பர் மாதிரி போடக் கூடாது, மைதீன் பாட்சான்னு முழுசாப் போடணும். எனக்கு அறிவுரை கேக்கப்புடாது, என்னயக் கேள்வி கேக்கணும். இதெல்லாம் நான் கேக்கல. எவளாவது வச்சான்னாத்தான்.

கண்ணப் பத்திக் கேக்காத. ஆஷிக்கிட்டயும் கேக்காத. கேட்டேன்னா குடத்துல இன்னொரு வரி வெட்டிருவேன், மெஷின் சரியானதும்.

மாமன்


சங்கரன்கோவில்
11.1.2025

அன்புள்ள பஸீலா,

ஸலாம். நான் வந்து ஒரு வாரமாகிறது. உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா? போனில் பேசலாம் என்று பார்த்தேன். போனில் கேட்காது என்கிற வாப்பாவுக்கு, நான் அடுத்த அறையில் முணுமுணுத்தால்கூடக் கேட்கிறது. அதனால் நானும் கடிதம் எழுதுகிறேன்.

பேர் வெட்ட வருகிறவர்களை வாப்பா திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார். மெஷின் ரிப்பேர் என்றார். நான் போட்டுப் பார்த்தேன், நன்றாக ஓடுகிறது. டாக்டரிடம் கூட்டிப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணுக்கு இந்த மாதம் ஆபரேஷன்.

கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், ஒரு நாளைக்கு ஒருவர் வந்தாலே பெரிது. வந்தவரிடமும் வாப்பா ஒன்றும் பேசுவதில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். மார்ச்சுக்குள் கடையைக் காலி செய்து தருவதாகக் கட்டடச் சொந்தக்காரரிடம் பேசியிருக்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கடையநல்லூரில் என் வீட்டில் இருக்கட்டும். என் மனைவியும் பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள். உம்மாவுக்குச் சம்மதம். வாப்பாவிடம் கேட்டால் அண்டாவைத் துடைக்கப் போய்விடுகிறார். நீ சொன்னால் கேட்பார். கொஞ்சம் எழுதேன்.

இன்னொன்று. மத்தியானமானால் ஒரு பழைய ஜெராக்ஸ் புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்க்கிறார். ஷமீரா என்று ஒரு பெண் பரீட்சை முடிந்து கொடுத்துவிட்டுப் போனதாம். என்ன வாப்பா என்றால், சோப்பு என்கிறார். எட்டிப் பார்த்தேன். அதில் சோப்பு எதுவும் இல்லை.

ஆஷிக் அலி


திருச்சி
18.1.2025

ஆஷிக் மச்சானுக்கு,

ஸலாம். மாமாவின் கண் நல்லபடியாக ஆக துஆச் செய்கிறேன். கண் விஷயத்தை நீங்கள் செய்ததற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் எழுதி எழுதிக் கேட்டேன், நீங்கள் கூட்டிப் போனீர்கள்.

கடை விஷயத்தில் நான் எழுத மாட்டேன். என்னிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

நேற்று 4.2-ஐத் திருப்பி வைத்துவிட்டேன். ஊர் பேரோடு, முழுப் பேரோடு. குழுவில் இருந்தவரிடமும் போய்ச் சொன்னேன். யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் இந்தப் புத்தகத்தின் விதி. உங்கள் படியில் சோப்பை வைத்துக்கொள்ளுங்கள், என் படியில் என் மாமா இருப்பார் என்றேன். எங்கள் கல்லூரியில் பாடமாக வைப்பார்களா என்பது இனி சந்தேகம்தான். பரவாயில்லை. வேறு ஊர்களில் எடுத்துப் படிக்கிறார்கள்.

இந்தப் பருவத்தில் பி.பி.ஏ. பிள்ளைகளுக்கும் இந்தப் பாடம் வருகிறது. நீங்கள் கொஞ்ச நாள் கடையில் உட்காருங்கள் மச்சான். சும்மா உட்கார்ந்தால் போதும். அதற்குப் பிறகும் மூட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், நானே சங்கரன்கோவிலுக்கு வந்து மாமாவிடம் பேசுகிறேன்.

மாமி கையால் ஒரு டீ வாங்கிக் குடியுங்கள், என் கணக்கில்.

பஸீலா


சங்கரன்கோவில்
16.2.2025

ஏட்டி பஸீலா,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒன் வீட்டுல எல்லாரும் சொகமா? இங்கன ரொம்பச் சொகம். நான் சொல்லச் சொல்ல ஆஷிக் எழுதுதான். எழுத்து நேரா இருக்கேன்னு பயந்துராத.

(எழுதுவது மட்டும்தான் நான். இதில் வருவதற்கு நான் பொறுப்பில்லை. ஆஷிக்.)

அல்ஹம்துலில்லாஹ், ஒரு கண்ணு தெறந்தாச்சு. கட்டப் பிரிச்சதும் எதுக்க ஒன் மாமிதான் நின்னா. "இத்தன நாளா யாரோ நல்ல பொம்பள மாதிரில்லா தெரிஞ்சா"ன்னேன். டாக்டரம்மா சிரிச்சிட்டாக. மாமி சிரிக்கல. கறுப்புக் கண்ணாடி ஒண்ணு குடுத்திருக்காக. அதப் போட்டுட்டுக் கடையில உக்காந்தா, காளிராஜ் "நாலு புள்ளி ரெண்டு சினிமாவுக்குப் போயிட்டாரு"ங்கான்.

ஆமா, மறுபடியும் அந்தப் பேருதான். புள்ளையளு வாராளுவ. சிவகிரியிலருந்து பஸ் ஏறி வாரானுவ, மேலநீலிதநல்லூர்லருந்து ஒரு வேனே வந்துட்டு. கையில ஒன் புதுக் கேள்வி. "கடைக்குப் போய் ஒரு பாத்திரம் கேளுங்கள். எது சிரிக்க வைத்தது, எது கோபப்படுத்தியது? இவர் ஏன் கேலி செய்கிறார்?" இது கேள்வி! நீ படிச்சவதான், ஒத்துக்கிடுதேன்.

ஆஷிக் மொத நாளு மூஞ்சத் தூக்கி வச்சிட்டுக் கல்லாவுல உக்காந்திருந்தான். ஒரு பய அவனப் பாத்து, "அண்ணே, நீங்க அவரு மகனா? அப்போ நீங்க நாலு புள்ளி மூணா?"ன்னு கேட்டுட்டான்.

(இதை எழுத வேண்டாம் என்றேன். எழுதச் சொல்கிறார்.)

வந்ததுல ஒருத்தி மறுநாளு அவ அம்மையக் கூட்டிட்டு வந்தா. அக்காவுக்குக் கல்யாணமாம். அண்டா, தேக்சா, குடம் எல்லாம் எடுத்தாக. பேரு வெட்டணும், மெஷின் ஓடுதான்னு கேட்டாக. "மெஷினுக்கு இப்பத்தான் ஆபரேஷன் ஆச்சு, அடுத்த வாரம் வாங்க"ன்னேன். அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல. மக விழுந்து விழுந்து சிரிக்கா.

கடை ஒப்படைக்கது என்னாச்சுலன்னு இவனக் கேட்டேன். சனிக்கெழம பேசலாம் வாப்பாங்கான். போன சனிக்கெழமையும் அதத்தான் சொன்னான்.

(டிக்கெட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். இன்னொரு கண் பாக்கி இருக்கிறது. அதனால்தான்.)

என்னலே தனியா எழுதுத? நான் ஒண்ணும் சொல்லலயே. சரி, இப்போ முக்கியமானது. பஸீலா, ஒன் கடேசிக் கேள்விக்கு இந்தப் புள்ளையளு கண்டதையும் எழுதுது. ஒருத்தன் "அவருக்குப் பொழுது போகவில்லை"ன்னு எழுதியிருக்கான். ஒருத்தி "விற்பனை உத்தி"ங்கா. உத்தியும் இல்ல, கத்தியும் இல்ல. சரியான விட எனக்கு மட்டுந்தான் தெரியும். மாமிக்கிட்டகூடச் சொன்னதில்ல. ஒனக்குத் தெரியலன்னு எழுதுனேல்லா, அதனால ஒனக்குச் சொல்லுதேன், பொஸ்தகத்துல போட்டுக்கோ. ஏலே ஆஷிக்கு, இத ஒரு சொல்லு மாறாம எழுதணும், என்ன? நான் ஏன் கேலி பண்ணுதேன்னா, ஒருத்தன் கடைப்படியில காலெடுத்து வைக்கும்போதே நான் அவன் மூஞ்சியப் பாப்பேன், அதுல

(பஸீலா, வாசலில் ஒரு அம்மா வந்து நிற்கிறார்கள். சின்னச் சருவச்சட்டி வேண்டுமாம். வாப்பா ஏணியில் ஏறக் கூடாது. குருவிக்கா சோறு என்று நானே கேட்டுவிட்டு வருகிறேன்.)